துணிக்கைப் பௌதிகவியல் விவரணப்படங்கள் ஏன் இவ்வளவு ஈர்க்கின்றன?

கேள்வி (உயர்தரப் பௌதிகவியல் ஆசிரியர், கிளிநொச்சி):
சென்ற மாதம் எங்கள் வாசிகசாலையில் உயர்தர மாணவர்களுக்கு, 2013இல் வெளிவந்த 'பார்ட்டிக்கிள் ஃபீவர்' என்ற விவரணப்படத்தைத் திரையிட்டேன். படம் ஆங்கிலத்தில் இருந்ததால் இடையிடையே நிறுத்தி நானே விளக்க வேண்டியிருந்தது. உந்தக் காப்பு விதியைக் கரும்பலகையில் எழுதினால் கொட்டாவி விடுகின்ற அதே பிள்ளைகள், ஜெனீவாவுக்கு அருகில் நிலத்தின் கீழ் அமைந்த புரோத்தன் கற்றைகளை மிகுந்த வேகத்தில் மோதவிடும் பெரும் ஹாட்ரன் மோதுவி என்ற இயந்திரத்தின் கதையை ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் பார்த்தார்கள். சமன்பாடுகளுக்குள் அதிகம் புகாத ஒரு படத்தால் இது எவ்வாறு முடிகிறது?

பதில் 1 (மாங்குளம்):
காத்திருப்புத்தான் காரணம் என்று நினைக்கிறேன். அந்த மோதுவி தேடிய ஹிக்ஸ் துணிக்கை, அடிப்படைத் துணிக்கைகளுக்குத் திணிவு எவ்வாறு வருகிறது என்பதை விளக்கும் கோட்பாட்டின் ஒரு பகுதி. அதுபற்றிய எதிர்வுகூறல் வெளியான ஆண்டு 1964. மோதுவியில் முதற்கற்றை சுற்றிவந்தது 2008 செப்டெம்பர் 10இல். ஒன்பதே நாளில், கற்றையை வளைக்கும் காந்தங்களுக்கு இடையிலான மின்னிணைப்பு ஒன்று பழுதாகி, அவற்றைக் குளிர்விக்கும் ஹீலியம் பெருமளவில் கசிந்து, ஓராண்டுக்கு மேல் எல்லாம் நின்றுபோயின. 2012 ஜூலை 4இல் அத்துணிக்கையின் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டபோது, அதை எதிர்வுகூறியவர்களில் ஒருவரான 83 வயது பீற்றர் ஹிக்ஸ் அந்த மண்டபத்திலேயே அமர்ந்து கண்களைத் துடைத்துக்கொண்டார். காலபோகத்துக்கு விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த முகங்கள் அந்நியமாகத் தோன்றியிருக்க மாட்டா. பாடநூலில் விதி முடிந்த பொருளாக வருகிறது. படத்திலோ அது பொய்த்துப்போகவும் கூடும்.

பதில் 2 (பழைய மாணவன், வவுனியா):
சேர், எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இத்தகைய படங்களில் இரண்டு ஒளிப்பந்துகள் மோதி வண்ணப்பொறிகள் சிதறுவதைக் காட்டுகிறார்கள். பார்ப்பவரோ ஹிக்ஸ் துணிக்கையையே கண்டுவிட்டதாக நம்பிவிடுகிறார். உண்மையில் அதை எவரும் நேரே கண்டதில்லை. ஏறத்தாழ நூறு கோடி மோதுகைகளுக்கு ஒன்று என்ற அளவில் தோன்றி, தோன்றிய கணமே அது சிதைந்துவிடுகிறது. அச்சிதைவில் பிறக்கும் இரு போட்டன்கள் (ஒளித்துணிக்கைகள்) போன்றவற்றின் சக்தியை அளந்து வரைபிலிட்டால், 125 கிகா இலத்திரன்வோல்ற்று (துணிக்கைகளின் சக்தியை அளக்கும் அலகு) அருகே ஒரு சிறு மேடு தெரியும். கண்டுபிடிப்பு என்பது அந்த மேடுதான். என்னை முதன்முதலில் ஈர்த்ததும் அதுவே. எனினும் பல படங்கள் அதைச் சில நொடிகளில் கடந்துவிடுகின்றன.

பதில் 3 (முல்லைத்தீவு):
அளவின் முரணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கே தெரியாத ஒன்றைத் தேட 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள வளையம். அதாவது, ஏறத்தாழ கிளிநொச்சியிலிருந்து மாங்குளம் வரையான தூரம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அடுத்த திரையிடலில் 2008 பழுது வரும் இடத்தில் படத்தை நிறுத்தி, அடுத்து என்ன செய்திருப்பார்கள் என்று பிள்ளைகளிடமே கேட்கப்போகிறேன். தம்பி சொன்ன அந்த வரைபையும் வரைபுத்தாளில் அவர்கள் கையாலேயே வரையச் செய்யலாம். தரவுகளை எளிமையாக்கித் தர உங்களால் முடியுமா?