பழுதான பேஸ் காம்போவைத் தனி ஸ்பீக்கர் பெட்டியாக மாற்றலாமா?

தாழ்தந்தி:

அனைவருக்கும் வணக்கம். நான் பல ஆண்டுகளாக வாசித்து வரும், 15 அங்குல ஸ்பீக்கர் கொண்ட பேஸ் காம்போ (பேஸ் கிட்டாருக்கான ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் அமைந்தது), சென்ற மாதம் ஒத்திகையின் நடுவே கருகிய வாடையோடு நின்றுபோனது. அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் வெடித்ததோடு சர்க்யூட் போர்டும் கருகிவிட்டதால், இதற்குச் செலவழிப்பதில் பயனில்லை என்று பழுது பார்ப்பவர் கூறிவிட்டார். பெட்டியோ இன்னும் கல்லைப் போல உறுதியாக இருக்கிறது. அதைத் தூக்கி எறிய எனக்கு மனம் வரவில்லை.

என்னிடம் தனியாக ஒரு டிரான்சிஸ்டர் பேஸ் ஹெட்டும் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்), அதனுடன் ஒரு 8 ஓம் கேபினெட்டும் (ஆம்ப் இல்லாத ஸ்பீக்கர் பெட்டி) உள்ளன. ஹெட்டின் பின்புறத்தில் "குறைந்தது 4 ஓம்" என்று அச்சிடப்பட்டுள்ளது. காம்போவிலிருந்து ஆம்பைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கரை ஒரு ஜாக்குடன் இணைத்து, இரண்டாவது கேபினெட்டாகப் பயன்படுத்த விரும்புகிறேன். ஆம்பை எடுத்த இடத்தில் தோன்றும் திறப்பை அப்படியே விட்டுவிடலாமா? வேறு எவற்றைக் கவனிக்க வேண்டும்?

மின்பட்டறை:

திறப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன், அந்த ஸ்பீக்கர் உண்மையிலேயே பிழைத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அவுட்புட் டிரான்சிஸ்டர் வெடிக்கும்போது மின்வழங்கியின் நேர்மின்சாரம் நேராக வாய்ஸ் காயிலுக்குள் (கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள்) பாய்ந்து அதைக் கருக்கிவிடுவது உண்டு. கூம்பின் நடுமூடியைச் சுற்றி இரு கை விரல்களையும் சம இடைவெளியில் வைத்து, மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். அப்போது காதைக் கூம்பின் அருகே வைத்திருங்கள். ஓசையின்றி வழுக்கிச் சென்று திரும்பினால் நல்லது. மணலைத் தேய்ப்பது போல ஒரு கரகரப்பு கேட்டால் காயில் உருக்குலைந்துவிட்டது என்று பொருள்.

அடுத்து, ஸ்பீக்கரின் வயர்களைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் ஓம் அளவைப் பாருங்கள். மீட்டர் காட்டுவது நேர்மின்தடை மட்டுமே என்பதால், 8 ஓம் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5.5 முதல் 7 வரையும், 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 3.5 வரையும் காட்டும். உங்கள் திட்டம் நிறைவேறுமா என்பது இந்த ஓர் எண்ணைப் பொறுத்தது.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்வழங்கியின் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும். அவற்றை ஸ்க்ரூடிரைவரால் குறுக்கிணைக்காமல், 1 கிலோ ஓம், 5 வாட் மின்தடையின் வழியாக வடித்துவிட்டு, மீட்டரில் வோல்ட் சுழியத்துக்கு அருகே இறங்கியதை உறுதி செய்த பிறகே கை வையுங்கள். வால்வு ஆம்பாக இருந்தால் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும். பழக்கமில்லாதவர்கள் அதைத் திறக்கவே கூடாது.

மரத்தூள்:

திறப்பை விட்டுவைக்கவே கூடாது. காம்போக்களில் இரண்டு வகை உண்டு. ஆம்ப்புக்குத் தனி அறை அமைத்து, இடையில் தடுப்புப் பலகை வைத்திருப்பது ஒன்று. அதில் பலகையில் வயர் நுழையும் துளையை அடைத்தாலே போதும், மேலறை காலியாகக் கிடக்கலாம். ஆம்பின் சட்டகம் ஸ்பீக்கர் இருக்கும் அறைக்குள்ளேயே தொங்குவது மற்றொன்று. இதில் சட்டகத்தை எடுத்தால் பெட்டியில் பெரிய ஓட்டை விழுகிறது. கூம்பின் பின்பக்கக் காற்று அதன் வழியே வெளியேறி முன்பக்க ஒலியைத் தின்றுவிடும். போர்ட் (தாழ் ஒலிக்கு வலுவூட்டும் காற்றுத் துளை) வைத்த பெட்டியானால் போர்ட்டின் வேலையே நின்றுபோகும். 41 ஹெர்ட்ஸில் இருக்கும் தாழ் ஈ (E) தந்தியை மீட்டும்போது கூம்பு பிடிமானமின்றி அளவுக்கு மீறி ஆடும். ஸ்பீக்கர் கிழிவது பெரும்பாலும் இப்படித்தான்.

பெட்டியின் பலகை எவ்வளவு தடிமனோ அதே தடிமனில் பிளைவுட் வெட்டி, ஓரங்களில் நுரைநாடா ஒட்டி, 6 அல்லது 7 சென்டிமீட்டருக்கு ஒரு திருகு வீதம் இறுக்குங்கள். பசை வேண்டாம், நாளை உள்ளே கை விட வேண்டிவரும்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலரும் கவனிப்பதில்லை. 50 × 20 × 12 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு சட்டகம் 12 லிட்டர் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே 60 லிட்டர் காற்று இருந்த பெட்டியில் இப்போது 72 லிட்டர் ஆகிவிடும். 50 ஹெர்ட்ஸில் இசைந்திருந்த போர்ட் ஏறத்தாழ 46 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். கேடு ஒன்றுமில்லை, ஆனால் பழைய ஒலி அப்படியே வேண்டுமென்றால், அதே அளவில் மூடிய மரப்பெட்டி ஒன்றை உள்ளே பொருத்திவிடலாம்.

தாழ்தந்தி:

இருவருக்கும் மிக்க நன்றி. கூம்பு ஓசையின்றி நகர்கிறது. தடுப்புப் பலகை இல்லை, சட்டகம் ஸ்பீக்கரின் அறையிலேயே இருந்தது. ஆனால் மீட்டர் 3.4 என்று காட்டுகிறது. அப்படியானால் இது 4 ஓம் ஸ்பீக்கர்தானே? இரண்டு பெட்டிகளையும் தொடர் இணைப்பில் சேர்த்துவிட்டால் ஹெட்டுக்கு ஆபத்து இருக்காதல்லவா?

மின்பட்டறை:

ஆம், 4 ஓம்தான். உங்கள் 8 ஓம் கேபினெட்டுடன் இதைப் பக்க இணைப்பில் சேர்த்தால் சுமை 2.67 ஓம் ஆகிவிடும். அந்த ஹெட் அதைத் தாங்காது. தொடர் இணைப்பில் 12 ஓம் ஆவதால் ஹெட்டுக்கு ஆபத்தில்லை என்பது சரிதான், ஆனால் வெளிவரும் ஆற்றல் குறையும். இரண்டிலும் ஒரே மின்னோட்டம் பாய்வதால் 8 ஓம் பெட்டி மற்றதைப் போல இரு மடங்கு ஆற்றலை எடுத்துக்கொள்ளும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இதைத் தனியாகவே ஹெட்டில் இணையுங்கள். ஒரே 4 ஓம் பெட்டியில் ஹெட்டின் முழு ஆற்றலும் இறங்கும் என்பதால், ஸ்பீக்கரின் பின்புறத்தில் உள்ள வாட் அளவை ஹெட்டின் அளவோடு ஒப்பிட்டுவிட்டு வாசியுங்கள்.

ஜாக்கைப் பொறுத்தவரை, ஸ்பீக்கான் (திருகிப் பூட்டும் ஸ்பீக்கர் இணைப்பான்) வைத்து அதன் 1+, 1− முனைகளில் பற்றவைப்பதே நல்லது. பல கிளாஸ் டி (மின்சாரத்தை அதிவேகமாக இணைத்தும் துண்டித்தும் இயங்கும் வகை) ஹெட்களில் அவுட்புட்டின் இரு முனைகளிலும் மின்னழுத்தம் இருக்கும். சாதாரண உலோக ஜாக்கின் உடல் வேறோர் உலோகத்தைத் தொட்டால் ஹெட் பழுதாகிவிடும். கிட்டார் கேபிளை ஸ்பீக்கருக்குப் பயன்படுத்தாதீர்கள். அதன் உள்கம்பி மிக மெல்லியது. 1.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத வயர் வேண்டும்.

தாழ்தந்தி:

ஸ்பீக்கரில் 200 வாட் என்று இருக்கிறது. ஹெட் 4 ஓமில் 150 வாட். தனியாகவே இணைத்துக்கொள்கிறேன். 18 மில்லிமீட்டர் பிளைவுட் இன்று வெட்டியாகிவிட்டது. ஸ்பீக்கான் வந்ததும் பற்றவைத்துவிட்டு, ஒலி எப்படி இருக்கிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.