நம் குடும்பம் (வாட்ஸ்அப் குழு): தரையிலிருந்து எழுந்திருக்க

வசந்தி அத்தை: நேற்று கோயிலில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்கப் பக்கத்திலிருந்த பிள்ளை கை கொடுக்க வேண்டியதாயிற்று. தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறேனே, அப்புறம் ஏன் இப்படி?

கவிதா: நடப்பதை விடாதீர்கள் அத்தை, இதயத்துக்கும் மூச்சுக்கும் அது வேண்டும். ஆனால் சமதரையில் நடக்கும்போது தொடைக்குப் பெரிய வேலை இல்லை. தரையிலிருந்து எழும்போது முழு உடம்பையும் தொடையும் இடுப்பும்தான் தூக்க வேண்டும். வயது ஏற ஏற தசை கரையும், அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக.

முருகன் மாமா: வயதானால் இதெல்லாம் சகஜம்தானே கவிதா. 62 வயதில் உன் அத்தையை எடை தூக்கச் சொல்கிறாயா?

கவிதா: ஆமாம் மாமா! பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்குக் கால் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். 1990-ல் வெளிவந்த ஆய்வு. எட்டே வாரத்தில் கால் பலம் இரண்டு மடங்குக்கு மேல். இரண்டு பேர் கைத்தடியையே விட்டுவிட்டார்கள்.

கார்த்தி: அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதே மதினி, செய்யலாமா?

கவிதா: அதனால்தான் கட்டாயம் செய்ய வேண்டும். சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை நிறைய இழுத்துக்கொள்வது தசைதான். தசை வேலை செய்யும்போது இன்சுலின் துணை இல்லாமலும் சர்க்கரை உள்ளே போகும். மாத்திரை போடுபவர் என்பதால் வெறும் வயிற்றில் வேண்டாம். படபடப்பு, வியர்வை வந்தால் உடனே நிறுத்துங்கள்.

கவிதா: அத்தை, கைப்பிடி இல்லாத மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்காக வைத்து, ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். மாமா பக்கத்தில் நின்று நேரம் பார்க்கட்டும்.

வசந்தி அத்தை: 19 விநாடி. நாலாவதில் கை தானாகத் தொடைக்குப் போய்விட்டது.

கவிதா: 15-க்கு மேல் போனால் பலம் குறைவு என்று எடுத்துக்கொள்வோம். இப்போதைக்குத் தலையணை போட்டு உயரமாக்குங்கள். எட்டு முறை, ஓய்வு, மறுபடி எட்டு. உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணி இறங்குங்கள், தசைக்கு அதில்தான் நல்ல வேலை. சுலபமானதும் தலையணையை எடுத்துவிடுங்கள், அப்புறம் கையில் தண்ணீர் பாட்டில். சுமை கூடாவிட்டால் பலமும் கூடாது.

வசந்தி அத்தை: முட்டி தாங்குமா?

கவிதா: முட்டிவலிக்கு முதல் வைத்தியமே தொடையைப் பலப்படுத்துவதுதான். ஓரிரு நாள் தசை வலித்தால் பரவாயில்லை. முட்டி வீங்கினால் மட்டும் நிறுத்திவிட்டு எனக்குச் சொல்லுங்கள். காலையில் இட்லியோடு முட்டையோ சுண்டலோ இருக்கட்டும், புரதம் இல்லாமல் தசை வளராது.

முருகன் மாமா: தினமும் செய்ய வேண்டுமா? நானும் சேர்ந்துகொள்கிறேன்.

கவிதா: வாரத்துக்குக் குறைந்தது இரண்டு நாள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடுவில் ஒரு நாளாவது ஓய்வு வேண்டும். நீங்கள் 65 தாண்டியவர் மாமா, ஒற்றைக் காலில் நிற்பது மாதிரி சமநிலைப் பயிற்சியும் வேண்டும், சுவரைப் பிடித்துக்கொண்டு.

வசந்தி அத்தை: வெள்ளி கோயில். திங்கள், வியாழன் வைத்துக்கொள்ளலாம்.

கவிதா: சரி அத்தை. மாமா, உங்களுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது, மூச்சை அடக்காதீர்கள். எழும்போது வெளியே விடுங்கள், உட்காரும்போது இழுங்கள்.