நம்ம உருக்காலை யாருக்குச் சொந்தம்?

அன்பு உறவுகளே, வணக்கம்.

சேலம் உருக்காலையைத் தனியாருக்கு வித்துட்டாங்களாமே என்று மஸ்கட் அண்ணன் கேட்டிருந்தார். அப்பா அங்கே தகடு உருட்டும் உருட்டாலைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் போனில் கேட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

விற்கவில்லை அண்ணே. மத்திய அரசின் உருக்கு நிறுவனமான செயிலின் ஓர் அங்கமாகத்தான் ஆலை இருக்கிறது. செயிலில் 65 சதவீதப் பங்கு மத்திய அரசுடையது. 2016 அக்டோபரில் மத்திய அமைச்சரவை விற்பனைக்குக் கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. 2019 ஜூலையில் வாங்க விருப்பம் உள்ளவர்களை அழைத்து அறிவிப்பும் வந்தது. அப்போது தொழிலாளர்கள் வீதிக்கு வந்து போராடியது உங்களுக்கே நினைவிருக்கும். அண்ணன் குழம்பியதற்குக் காரணம், மேட்டூர் போகிற வழியில் பொட்டனேரியில் இருக்கிற இன்னொரு ஆலை. முன்பு அதன் பெயர் சிஸ்கால். 2008-ல் தனியார் நிறுவனமான ஜிண்டாலோடு இணைந்தது. தாதுவிலிருந்து இரும்பு எடுக்கும் ஊது உலை வைத்துக் கம்பி, உருளை வார்ப்பது அது. நம்முடையது எவர்சில்வர் தகடு.

1967-ல் அண்ணா முதல்வராக இருந்தபோது சேலம் உருக்காலைக்காகவும் சேது திட்டத்துக்காகவும் எழுச்சி நாள் நடந்தது. 1970 செப்டம்பர் 16-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். பக்கத்துக் கஞ்சமலை இரும்பை நம்பித்தான் முதலில் பேச்சு. சின்ன வயதில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி ஓடை மணலில் இழுப்போமே, முள்ளம்பன்றி மாதிரி கறுப்பு மணல் சிலிர்த்துக்கொண்டு வருமே, அந்த இரும்புதான். தரம் குறைந்த தாது என்பதால் மலை அப்படியே நிற்கிறது. ஆலை மட்டும் வந்தது.

1981-ல் ஓட ஆரம்பித்தபோது ஆண்டுக்கு 32,000 டன் தகடு உருட்டும் திறன். பத்து வருடத்தில் இரண்டாவது உருட்டாலை வந்து 70,000. சுடவைத்த எஃகுப் பாளத்தைச் சுருளாக உருட்டும் சுடுஉருட்டாலை வந்தது 1995-ல். அதுவரை சுருள்களை வெளியில்தான் வாங்கினார்கள். 2010 விரிவாக்கத்தில்தான் சொந்தமாக உருக்கும் உலை வந்தது: 1,80,000 டன் பாளம், 1,46,000 டன் தகடு. தகடு உருளைக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் பலமுறை போய்வந்து, கடைசியில் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி வரும் என்பார் அப்பா. ரூபாய் நாணயத்துக்கான வில்லையும் இங்கே வெட்டுகிறார்கள்.

நஷ்டம் வந்தது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. சொந்தச் சுரங்கம் கிடையாது. ஸ்கிராப்பும் நிக்கலும் காசு கொடுத்து வாங்கணும். மின்வில் உலை கரண்டைக் குடிக்கும். விரிவாக்கக் கடனுக்கு வட்டி வேறு. மலிவாக இறக்குமதியாகும் தகடோடும் போட்டி போடணும். இதற்கெல்லாம் ஆலையை விற்பது தீர்வு என்பதை நான் ஏற்கவே மாட்டேன். 2021 மே மாதம் ஆக்சிஜன் கிடைக்காமல் ஜனங்கள் தவித்தபோது, ஆலை வளாகத்தில்தான் 500 படுக்கை போட்டார்கள். கையில் ஆக்சிஜன் இருந்த இடம் அது.

சுமார் 4,000 ஏக்கர். நம் தாத்தாக்கள் காடு, கிணறு, தென்னை எல்லாம் விட்டுக்கொடுத்தது அரசாங்க ஆலைக்கு என்று நம்பித்தான். நிலம் கொடுத்த குடும்பங்கள் யாரிடமாவது அன்றைய இழப்பீட்டு உத்தரவு நகல் இருந்தால், பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது படம் எடுத்து அனுப்புங்கள். எங்கள் வீட்டு நகல் கரையான் அரித்தது போக முக்கால்வாசி மிச்சமிருக்கிறது. அதை இந்த வாரமே ஸ்கேன் செய்து அனுப்புகிறேன்.