நல்லூர் ராசதானியிலிருந்து கடற்கரை வரை: வழிகாட்டியோடு போனவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கொக்குவில் வாணி:

யாழ்ப்பாணத்தில் எல்லாரும் போகும் சுற்றுத்தான். காலையில் சங்கிலித்தோப்பு, மந்திரி மனை, யமுனா ஏரி, பிறகு கோட்டை, பின்னேரம் காரைநகர் கசூரினா கடற்கரை. காரும் சாரதியும் வழிகாட்டியும் எங்கள் குடும்பத்துக்கு மட்டும். பிள்ளைகள் கனடாவில் பிறந்தவர்கள், அவர்களுக்காகத்தான் ஒழுங்கு செய்தோம். வழிகாட்டித் தம்பிக்கு நல்ல குரல். தமிழும் ஆங்கிலமும் சரளம்.

சங்கிலித்தோப்பு வாசலுக்கு முன்னால் நின்று, "இந்த வாசலாலைதான் சங்கிலியன் யானையிலை வெளிக்கிடுவார்" என்று யாழ்ப்பாணத்தின் கடைசி ராசாவின் கதையைத் தொடங்கினார். மகன் அசையாமல் கேட்டுக்கொண்டு நின்றான். றோட்டால் சைக்கிளில் போன ஒரு ஐயா காலை ஊன்றி நின்றார். ஹாண்டிலில் முருங்கைக்கீரைக் கட்டு ஒன்று தொங்கியது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"தம்பி, உது ராசாவின்ரை வாசல் இல்லை. பிறகு வந்தவங்கள் கட்டினது. ராசா இருந்த நிலத்திலை நிக்கிறியள். அதைச் சொல்லு, அது காணும்."

மகன் உடனே கேட்டான், "அப்ப அரண்மனை எங்கை?" ஐயா செருப்புக் காலால் நிலத்தை இரண்டு தரம் தட்டிக் காட்டிவிட்டு, பெடலை மிதித்துப் போய்விட்டார்.

தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. மந்திரி மனையில் ஒரு சொல் கதைக்கவில்லை. கசூரினாவில் பிள்ளைகள் கடலுக்குள் நிற்க, அவர் சவுக்கு மரத்தடியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னும் யோசிக்கிறேன். ஐயா சொன்னது உண்மையா?

வண்ணை வாசகன்:

ஐயா சொன்னது சரி, வாணி. நல்லூர் 1619இல் போர்த்துக்கேயரிடம் விழுந்தது. படையை நடத்தியவன் பிலிப் டி ஒலிவேரா. இரண்டாம் சங்கிலி கடல்வழியாகத் தப்பப் பார்த்துப் பிடிபட்டான். கோவாவுக்குக் கொண்டுபோய் 1623இல் கொன்றார்கள். ஒலிவேரா கந்தசுவாமி கோயிலை இடித்து, நிர்வாகத்தை நல்லூரிலிருந்து யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாற்றினான். அரண்மனை என்று சொல்ல அதற்குப் பிறகு அங்கே என்ன மிஞ்சும்? இன்று நாம் படம் எடுக்கும் வாசல் ஒல்லாந்தர் காலத்து வேலை என்பதுதான் ஆய்வாளர் பலரின் கருத்து. மந்திரி மனையும் அப்படித்தான். மாடியும் மரவேலையும் கொண்ட அந்த வீடு ராசா காலத்துக்கு நெடுங்காலம் பிந்தியது. உள்ளேயிருந்து பட்டினத்துக்குச் சுரங்கப்பாதை போகிறது என்ற கதையையும் சொல்லியிருப்பார்களே! எனக்கும் சொன்னார்கள்.

இவ்வளவு கதை சொன்ன என் வழிகாட்டி யமுனா ஏரியில் என்ன செய்தார் தெரியுமா? காரை நிறுத்தவே மனமில்லை. "இதிலை பார்க்க ஒண்டும் இல்லை அண்ணை, கோட்டைக்குப் போவம்" என்றார். நான் கதவைத் திறந்து இறங்கினேன். ப வடிவத்தில் வெட்டிய கேணி, படிகள் தண்ணீருக்குள் இறங்குகின்றன. மேலே பச்சைப் பாசி, ஓரத்தில் பிளாஸ்டிக் போத்தல்கள். அரச குடும்பத்துக்காக வெட்டி, யமுனை நதியின் நீரைக் கொண்டுவந்து கலந்ததாகக் கர்ணபரம்பரைக் கதை. கதை எப்படியும் இருக்கட்டும், ராசதானியோடு சேர்த்துப் பேசக்கூடிய இடம் அந்தச் சுற்றிலேயே அதுதான். அதற்கு 2 நிமிஷம். பிறகு வந்தவர்கள் கட்டிய வாசலுக்கு அரை மணித்தியாலம்.

போகிறவர்கள் முதலில் நாவலர் வீதியில் இருக்கும் தொல்பொருள் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். அதன் பிறகு சங்கிலித்தோப்புக்குப் போனால் யார் என்ன சொன்னாலும் உங்களுக்கே பிடிபடும். நல்லூர்க் கோயிலுக்குப் போனால் பூசை நேரத்தில் கட்டியம் என்ற புகழ்வாசகம் சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். பழைய கோயிலைக் கட்டியதாகச் சொல்லப்படும் புவனேகவாகுவின் பெயர் இன்றும் அதில் வரும். அரண்மனைச் சுவர் போய்விட்டது, அந்தப் பெயர் நானூறு வருஷத்துக்கு மேலாக வாயில் நிற்கிறது. வழிகாட்டிகள் சொல்ல வேண்டியது இதை.

லண்டன் சுபா:

வண்ணை வாசகன் அண்ணா, நீங்கள் எழுதியது எல்லாம் சரியாக இருக்கலாம். ஆனால் வழிகாட்டியை வரலாற்றுப் பரீட்சை வைத்து அளக்காதீர்கள்.

நான் அப்பாவோடு போனேன். எங்களை ஏற்றிய அண்ணாவும் யானை, சுரங்கம் எல்லாம் சொன்னவர்தான். திட்டப்படி கீரிமலையில் கொஞ்ச நேரம் நின்று, படம் எடுத்து, பருத்தித்துறைக்குப் போக வேண்டும். கேணியைக் கண்டதும் அப்பா படிக்கட்டில் இருந்துவிட்டார். அப்பம்மா செத்தபோது அப்பா லண்டனில். அந்தப் போர்க்காலத்தில் கீரிமலைப் பக்கம் ஊரில் இருந்தவர்களே போக முடியாது. "அம்மாவுக்கு இஞ்சை ஒண்டும் செய்யேல்லை" என்று மட்டும் சொன்னார்.

அந்த அண்ணா எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. போன் எடுத்துத் தள்ளிப் போய்க் கதைத்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு ஐயர் மோட்டார் சைக்கிளில் வந்தார். எள், தர்ப்பை, வாழையிலை எல்லாம் ஒரு சொப்பிங் பையில். கடைசியில் பிண்டத்தைக் கடலில் விட வேண்டும். கல்லெல்லாம் வழுக்கும், அப்பாவுக்கு முழங்கால் வருத்தம். அந்த அண்ணா மணிக்கூட்டைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, அயர்ன் பண்ணிய காற்சட்டையோடு முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு அலை வந்து இடுப்பு வரை நனைத்தது. கையை விடவில்லை.

பருத்தித்துறை போகவில்லை. வெளிச்சவீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. அந்த மனிதர் சங்கிலியனைப் பற்றிப் பிழையாகச் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

தீவான்:

எல்லாரும் நல்லூரையே சுற்றுகிறீர்கள். கோட்டையும் கடலும் ஒன்றாக வேண்டுமென்றால் தீவுப்பகுதிக்கு வாருங்கள். நெடுந்தீவில் வெடியரசன் கோட்டையின் இடிபாடு இருக்கிறது, ஒல்லாந்தர் கட்டிய புறாக்கூடு இருக்கிறது, பாவோபாப் என்னும் பெருக்கமரம் இருக்கிறது, காட்டுக்குதிரைகள் வெட்டையில் மேய்கின்றன. வீட்டு வேலிகூட பவளக்கல்லை அடுக்கிக் கட்டியது.

முக்கியமான விஷயம்: நெடுந்தீவையும் நல்லூரையும் ஒரே நாளில் போடாதீர்கள். போடுகிறேன் என்று சொல்லும் வழிகாட்டியை நம்பாதீர்கள். பட்டினத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர். அங்கிருந்து படகில் ஒரு மணித்தியாலம். காலைப் படகைத் தவறவிட்டால் நாள் போய்விட்டது. திரும்பும் படகின் நேரத்தை இறங்குதுறையில் நிற்பவர்களிடமே கேளுங்கள், வழிகாட்டியின் போனில் இருப்பதை நம்ப வேண்டாம். கார்த்திகை, மார்கழியில் கடல் கடுமை, வயதானவர்களைக் கூட்டிப்போக வேண்டாம். தீவுக்குள் கார் வராது, அங்கே ஓட்டோ பிடிக்க வேண்டும். தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோங்கள், தொப்பி கொண்டுபோங்கள். நயினாதீவு என்றால் அதே இறங்குதுறை, படகுப் பயணம் குறைவு, நாகபூசணி அம்மனையும் நாகவிகாரையையும் பார்த்துவிட்டு மத்தியானத்துக்குள் திரும்பலாம். காரைநகர் போகிறவர்கள் கசூரினாவோடு நின்றுவிடாமல் கடற்கோட்டையையும் கேட்டுப் பாருங்கள். போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பிடித்த கோட்டை, கடலுக்கு நடுவில் நிற்கிறது, படகில்தான் போக வேண்டும். நல்லூர்க் கோயிலுக்கு ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும் என்பதை வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். 25 நாள் திருவிழாவில் கோயிலைச் சுற்றி வீதியை மூடிவிடுவார்கள், கார் கிட்டப் போகாது.

என் அனுபவம் ஒன்றுதான். குறிகட்டுவானில் ஒரு குடும்பம் பட்டுச்சேலையோடு நின்றது, படகு வெளிக்கிட்டுப் போய்க்கொண்டிருந்தது, வழிகாட்டி கைகாட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பத்துச் சின்னப் பிள்ளை "குதிரை, குதிரை" என்று அழுதது. அதனால்தான் இவ்வளவும் எழுதினேன்.

மீசாலை மதன்:

தீவான், வாணி கேட்டது வேறு, நீங்கள் சொல்வது வேறு. தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் யாருக்கும் தெரியும்.

பிழையான கதையைவிட மோசமானது வழிகாட்டி அவசரப்படுத்துவது. எங்களைக் கூட்டிப்போனவர் பனங்கட்டி, ஒடியல் விற்கும் ஒரு கடையில் முக்கால் மணித்தியாலம் இருக்க வைத்தார். கடைக்காரர் அவரைக் கண்டதும் ஒரு புத்தகத்தில் எதையோ எழுதினார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். பிறகு கோட்டை வாசலில் வந்து, "10 நிமிஷம், கடற்கரைக்கு நேரம் போகுது" என்றார். என்ன நியாயம்?

1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோணமாகத் திருத்திக் கட்டிய கோட்டை அது. உள்ளே 1706இல் கட்டிய தேவாலயம் போரில் தரைமட்டமானது. அந்தக் கற்குவியலுக்குப் பக்கத்தில் மகள் குனிந்து ஒரு கல்லைத் தடவிக்கொண்டு நின்றாள். "அப்பா, இதுக்குள்ளை பூ இருக்கு." பார்த்தேன். பவளக்கல். ஒவ்வொரு புழையும் சின்னச் சின்ன இதழ் விரித்தபடி, கல் முழுக்க. கடலுக்குள் உயிரோடு வளர்ந்ததை வெட்டி அடுக்கித்தான் அந்த மதிலையே எழுப்பியிருக்கிறார்கள். மகள் ஒவ்வொரு கல்லாகப் போய் விரல் வைத்துப் பார்த்தாள். வெளியில் ஹோர்ன் அடித்தது. ஒரு தரம் இல்லை, விடாமல் அடித்தது. அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். காசு கொடுத்துக் கூட்டிப்போகச் சொன்னது நான், அடித்தது அவருடைய ஹோர்ன். இன்னும் ஆறவில்லை.

இனிப் போகிறவர்கள் கடை வேண்டாம் என்று ஏறும்போதே சொல்லுங்கள்.

வடமராட்சி வழிகாட்டி:

நான் இந்தத் தொழில் செய்கிறவன், சுற்றுலா அதிகாரசபையின் அனுமதி அட்டை வைத்திருக்கிறேன். மதன் அண்ணா சொன்ன கடை விஷயம் உண்மை, எல்லாரும் அப்படியில்லை என்பதும் உண்மை. கமிஷன் இல்லாவிட்டால் மழைகாலத்தில் பலருக்கு வருமானமே இல்லை. அதற்காக ஹோர்ன் அடிக்க யாருக்கும் உரிமை இல்லை.

வாணி அக்கா, யானைக் கதை எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். "இது அரண்மனை இல்லை, அரண்மனை இருந்த இடம்" என்று நான் சொன்ன நாட்களில் சனத்தின் முகம் விழுந்துவிடும். "அப்ப ஏன் தம்பி கூட்டிக்கொண்டு வந்தனீர்?" என்று நேரே கேட்டவர்களும் உண்டு. யானையைச் சொன்னால் படம் எடுப்பார்கள், மற்றவர்களுக்கும் என்னைச் சொல்லிவிடுவார்கள். ஆனாலும் நான் இப்போது உள்ளதைத்தான் சொல்கிறேன். யமுனா ஏரியில் தொடங்குகிறேன். அங்கே படியில் இருக்க வைத்து, சங்கிலி பிடிபட்ட கதையைச் சொல்லி, அப்படியே வடமராட்சிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனால் அரண்மனையும் கடலும் ஒரே கதை என்று யாருக்கும் விளங்கும்.

எனக்கு மனதைவிட்டுப் போகாதது வேறு. மணற்காட்டில் மணலில் புதைந்த பழைய அந்தோனியார் கோயிலைப் பார்க்க ஒரு கூட்டத்தைக் கூட்டிப்போயிருந்தேன். பக்கத்து மணல்மேட்டில் சிலுவைகள் நிற்கும். 2004 கடல்கோளில் போனவர்களும் அங்கே கிடக்கிறார்கள். வந்தவர்களில் ஒரு பெடியன் நல்ல படம் வேண்டும் என்று ஒரு மேட்டில் ஏறி நின்றுவிட்டான். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நடந்து வந்தார். சத்தம் போடவில்லை. "தம்பி, கொஞ்சம் அங்காலை நில்லுங்கோ. அதிலை ஆக்கள் இருக்கினம்" என்றார். இருக்கினம் என்றுதான் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "நீ சொல்லிக் கூட்டிக்கொண்டு வாறேல்லையோ?" என்று கேட்டார்.

இப்போது மணற்காட்டுக்குப் போனால் காரை நிறுத்திவிட்டு, கதவைத் திறக்க முதலே சொல்லிவிடுவேன்.

வண்ணை வாசகன்:

தம்பி வழிகாட்டி, உங்களைப் போன்றவர்கள் நாலு பேர் இருந்தால் நான் ஏன் எழுதுகிறேன்? சுபா, கீரிமலை அண்ணாவைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லவில்லை. அது வேறு தரத்து மனிதத்தனம். ஆனால் வாணியின் மகன் கேட்டானே, அரண்மனை எங்கே என்று? அவனுக்கு யாராவது உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும்.

கொக்குவில் வாணி:

எல்லாருக்கும் நன்றி. மகனுக்கு இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். அந்தத் தம்பியின் நம்பர் என்னிடம் இருக்கிறது. நேற்று வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினேன், யமுனா ஏரியில் தொடங்கலாம் என்று இங்கே ஒருவர் சொன்னதையும் சேர்த்து. "அந்த ஐயா எங்கடை பள்ளிக்கூடத்து மாஸ்டர் அக்கா. அதுதான் எனக்கு வாய் வரேல்லை" என்று பதில் வந்தது. அடுத்த கிழமை ஐயாவின் வீட்டுக்குப் போய்க் கேட்டுப் படிக்கப் போகிறாராம்.

வடமராட்சி வழிகாட்டி அவர்களே, ஆடி மாதம் திரும்ப வருகிறோம், அம்மாவும் கூட. அவவுக்கு நெடுந்தூரம் நடக்க ஏலாது. யமுனா ஏரி, கீரிமலை, பருத்தித்துறை மூன்றும் ஒரே நாளில் சரிவருமா?

வடமராட்சி வழிகாட்டி:

வரும் அக்கா, கோட்டையை வேறு நாளுக்கு விட்டால். காலை 7 மணிக்கு வெளிக்கிட வேண்டும். ஆடி அமாவாசை அன்று மட்டும் வேண்டாம், கீரிமலையில் கால் வைக்க இடமிருக்காது. பருத்தித்துறையில் தட்டைவடை வாங்க நிறுத்துவேன், அதற்கு எனக்குக் கமிஷன் இல்லை.