போன் திரை மினுக்குகிறது, டிஸ்ப்ளே மாற்றித்தான் ஆகணுமா?

நண்பர்களே, அம்மாவின் ஆண்ட்ராய்டு போனில் திரை விட்டு விட்டு மினுக்குகிறது, அதுவும் பிரைட்னஸைக் குறைத்தால்தான், முழுசாக ஏற்றினால் ஒன்றும் தெரிவதில்லை. அமோலெட் திரை (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை). ஆட்டோ பிரைட்னஸை அணைத்தேன், ரெஃப்ரெஷ் ரேட்டை (நொடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்படுகிறது என்பதை) 120-லிருந்து 60 ஹெர்ட்ஸுக்கு இறக்கினேன், நாம் இறக்கிய ஆப்கள் எதுவும் ஓடாத சேஃப் மோடிலும் போட்டுப் பார்த்தாச்சு, அப்படியேதான் இருக்கிறது, ஆக ஏதோ ஒரு ஆப் செய்கிற வேலையாகத் தெரியவில்லை. மினுக்கும்போது ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் படம் சுத்தமாக வருகிறது. கீழ் ஓரத்தில் மட்டும் லேசாகப் பச்சை அடிக்கிறது.

கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் டிஸ்ப்ளே மாற்றணும் என்கிறார், அவர் சொல்லும் விலைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புது போனே வந்துவிடும்! உள்ளே திரையை போர்டோடு இணைக்கும் ஃப்ளெக்ஸ் கேபிள் லூசாக இருந்தாலும் இப்படி வருமா? அதைக் கழற்றி மாட்டியே யாருக்காவது சரியானதுண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அதுவரை கடைப்பக்கம் போகப்போவதில்லை.