அமெரிக்காவின் வலி மாத்திரைப் பழக்கம், சர்ச், தோல் நிறம்: நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

கவுண்டர்க்காரன், ஒஹாயோ

பல வருஷமாக ஃபார்மசி வேலை. வந்து போகிற முகங்கள் எல்லாம் மறந்துபோகும். இந்த ஒரு அம்மா மட்டும் போக மாட்டேன் என்கிறார்.

2012, தெற்கு ஒஹாயோ. அப்போது ஓபியாய்டு, அதாவது அபின் வகை வலி மாத்திரைகளான பெர்க்கோசெட்டும் ஆக்ஸியும் (ஆக்ஸிகோடோன்) எப்படி ஓடின என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். ஆற்றைத் தாண்டினால் வெஸ்ட் வர்ஜீனியா. அங்கே கெர்மிட் என்று நானூறு பேர்கூட இல்லாத ஊர். அந்த ஊரில் ஒரு கடைக்கு மட்டும் இரண்டு வருஷத்தில் ஏறக்குறைய 90 லட்சம் ஹைட்ரோகோடோன் (அதே வகை) மாத்திரை இறங்கியது என்று பிற்பாடு தெரிந்தது. நாங்கள் அந்த அளவுக்குப் போகவில்லை. யோக்கியர்கள் என்றும் சொல்ல மாட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளைக்காரர் ஒருவர், கூரை வேலை செய்து இடுப்பு போனவர், 180 ஆக்ஸிகோடோனுக்குச் சீட்டு நீட்டினார். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித் தருகிறவர், ஊரே அறிந்த ஆள். எண்ணி பாட்டிலில் போட்டு, அவருடைய ஆசீர்வாதத்தையும் வாங்கிக்கொண்டு அனுப்பினேன். வரிசையில் அடுத்து ஒரு கறுப்பினப் பாட்டி. எலும்பில் புற்றுநோய். 20 மாத்திரை. அதற்கு மட்டும் சீட்டு உண்மைதானா என்று கேட்க டாக்டர் ஆபீஸுக்குப் போன் போட்டேன். யாரும் எடுக்கவில்லை. பிபி பார்க்கிற மிஷினோடு ஒரு நாற்காலி இருக்குமே, அதில் நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். மடியில் பைபிள் திறந்திருந்தது, ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. கடைசியில் பையை வாங்கும்போது மெதுவாகக் கேட்டார்: "அந்த மனுஷனுக்கும் போன் போட்டுத்தான் கொடுத்தாயா, மகனே?"

"கறுப்பர்களுக்கு சர்ச் பக்தி ஜாஸ்தி, அதனால்தான் இந்தப் பழக்கம் அவர்களிடம் ஒட்டவில்லை" என்று எங்கள் டெக்னீஷியன் அடிக்கடி சொல்வாள். நானும் தலையாட்டியிருக்கிறேன். கூரைக்காரர் இரண்டு வருஷம் கழித்துச் செத்துப்போனார். ஞாயிறு ஆராதனைக்கு வரவில்லையே என்று சர்ச் ஆட்கள்தான் வீட்டுக்குத் தேடிப் போனார்களாம்.

நைட் டியூட்டி, பால்டிமோர்

"ஒட்டவில்லை" என்று சொன்ன அந்தப் பெண்ணை ஒரு வாரம் எங்கள் வார்டுக்கு அனுப்புங்கள். 2020-இல் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ஓவர்டோஸ் சாவு விகிதம் வெள்ளையரைத் தாண்டிவிட்டது. பூர்வகுடியினருடைய விகிதம் எல்லாருக்கும் மேலே. இங்கே பால்டிமோரில் சாகிறவர்களில் நிறையப் பேர் வயசான கறுப்பின ஆண்கள். இளவயதில் ஹெராயின் தொட்டவர்கள், எப்படியோ முப்பது நாற்பது வருஷம் சமாளித்தவர்கள். அப்புறம் ஹெராயின் பொட்டலத்துக்குள் அதைவிடப் பல மடங்கு வீரியமான ஃபென்டனில் வந்தது.

என் கதை வேறு. கூட வேலை செய்கிற அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் சர்ச்சுக்கு வா என்றார். கறுப்பினச் சபைகளுக்குப் போனவர்களுக்குத் தெரியும்: வெள்ளை யூனிஃபார்ம், வெள்ளைக் கையுறை போட்ட சர்ச் நர்ஸ் அம்மாக்கள் இருப்பார்கள். யாராவது அபிஷேகத்தில், அதாவது ஆவியின் பரவசத்தில், விழுந்தால் விசிறுவார்கள், தண்ணீர் கொடுப்பார்கள். கொயர் உச்சத்தில் இருந்தபோது கடைசி பெஞ்சில் அறுபது வயதுக்காரர் ஒருவர் சரிந்தார். சுற்றி இருந்தவர்கள் "அல்லேலூயா" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பதினைந்து வருஷ நர்ஸ் நான்.

அந்த வெள்ளுடை அம்மா மட்டும் குனிந்து அவருடைய உதட்டைப் பிதுக்கிப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். மூச்சு அடங்கும்போது வருகிற நீலம் கருத்த தோலில் தெரியாது, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். பைபிள் வைத்திருந்த கைப்பையிலிருந்தே ஓவர்டோஸை முறிக்கிற நார்கான் ஸ்ப்ரேயை எடுத்து மூக்கில் அடித்தார். பாட்டு நிற்கவே இல்லை. மூன்று நிமிஷம் இருக்கும். கண் திறந்து அவர் சொன்ன முதல் வார்த்தை: "பாஸ்டரிடம் சொல்லிவிடாதீர்கள்."

பாஸ்டர் அவர் தலைமாட்டில்தான் முழங்காலிட்டிருந்தார். சரிந்து விழுந்தவர் அந்தச் சபையின் டீக்கன், பாஸ்டருக்கு உதவுகிற பொறுப்பாளர், என்று பிறகுதான் சொன்னார்கள்.

ரிட்டயர்டு மாமா, டெக்ஸாஸ்

எனக்கு 2019-இல் முழங்கால் மாற்று ஆபரேஷன். நாற்பது மாத்திரை கொடுத்தார்கள், ஆறுதான் போட்டேன். மீதி எங்கே போயிற்று என்று எனக்கே தெரியாது. அவ்வளவுதான் என் அனுபவம்.

ஆனால் இங்கே எழுதுகிறவர்கள் யாரும் உருப்படியாக எதையும் சொல்லவில்லையே என்பதால் சொல்கிறேன். மீந்த மாத்திரையை பாத்ரூம் அலமாரியில் வைக்காதீர்கள், விருந்தாளிகள் போகிற இடம் அது. ஏப்ரலிலும் அக்டோபரிலும் அமெரிக்கப் போதைத் தடுப்பு அமைப்பான டிஇஏ நடத்துகிற திரும்பப் பெறும் நாள் வரும், அன்று கொண்டுபோய்ப் போட்டுவிடுங்கள். நிறைய ஃபார்மசிகளில் வருஷம் முழுக்கப் போட ஒரு பெட்டியும் இருக்கிறது. நார்கான் 2023-இலிருந்து சீட்டு இல்லாமலே கிடைக்கிறது, ஒரு பெட்டியில் இரண்டு இருக்கும். ஒன்றை வீட்டிலும் ஒன்றை காரிலும் வைக்கிறேன் என்று பிரிக்காதீர்கள், ஃபென்டனிலுக்குச் சில சமயம் ஒன்று போதாது. 911-ஐக் கூப்பிட்டுவிட்டு மூக்கில் அடியுங்கள். மூச்சு இல்லாவிட்டால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். எழுந்துவிட்டான் என்று அனுப்பிவிடாதீர்கள். அந்த மருந்தின் வேகம் அரை மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள் இறங்கிவிடும், உள்ளே இருக்கிற சரக்கு திரும்ப அமுக்கும். எழுந்தவன் உங்களைத் திட்டுவான், வாந்தி எடுப்பான், அதையெல்லாம் பெரிதுபண்ண வேண்டாம். உங்கள் பிள்ளைக்குப் பல் டாக்டர் இந்த வகை மாத்திரை எழுதினால், இபுப்ரோஃபெனும் டைலனாலும் (பாராசிட்டமால்) சேர்த்துக் கொடுத்தால் போதாதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பெரும்பாலும் போதும்.

கடைசியாக ஒன்று. விளக்கேற்றி, பெரியவர்கள் சொன்னபடி நடக்கிற வீட்டில் இதெல்லாம் வராது. பக்தி ஒரு வேலிதான். அது சர்ச்சானால் என்ன, கோயிலானால் என்ன.

பயிற்சி டாக்டர், அட்லாண்டா

கவுண்டர்க்காரன் அண்ணா, உங்கள் டெக்னீஷியன் சொன்னதில் பாதி உண்மைகூட இல்லை. 90-களில் கறுப்பினத்தவர் கைக்கு மாத்திரை அவ்வளவாகப் போகவில்லை, ஏனென்றால் டாக்டர்கள் எழுதவில்லை. இதே அட்லாண்டாவில் கை கால் எலும்பு முறிந்து எமர்ஜென்சிக்கு வந்தவர்களைக் கணக்கெடுத்து 2000-இல் ஓர் ஆய்வு வெளியானது. வெள்ளையரில் நூற்றுக்கு 74 பேருக்கு வலி மருந்து, கறுப்பினத்தவரில் 57 பேருக்கு. அதே வருஷம் நியூயார்க்கில் பார்த்தார்கள்: வெள்ளையர் பகுதி ஃபார்மசிகளில் 72 சதவீதத்தில் தேவையான அளவு ஓபியாய்டு இருப்பு இருந்தது, மற்றவர்கள் வாழும் பகுதிகளில் 25 சதவீதத்தில். 2016-இல் வெளியான வர்ஜீனியா ஆய்வில் வெள்ளைய மருத்துவ மாணவர்களையும் பயிற்சி டாக்டர்களையும் கேட்டபோது, கறுப்பினத்தவருக்குத் தோல் தடிமன் என்கிற மாதிரியான கட்டுக்கதைகளில் ஒன்றையாவது பாதிப் பேர் நம்பினார்கள். இதையெல்லாம் பக்தியின் கணக்கில் எழுதாதீர்கள்.

என்னை அரிப்பது இது. முதல் வருஷம். சிக்கிள் செல் க்ரைசிஸோடு (பரம்பரை ரத்த நோய் கொண்டுவருகிற கடும் வலி) இருபத்திரண்டு வயசுப் பையன், கழுத்தில் சிலுவை, கறுப்பினம். வலி பத்துக்கு ஒன்பது என்றான். சீனியர் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "போனில் பேசிக்கொண்டிருக்கிறான், ஒன்பதாம். மாத்திரைக்கு வந்தவன்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று மணி நேரம் கழித்து மார்ஃபின் போட உள்ளே போனேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது, அந்தப் பக்கம் அவன் அம்மா ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். இவன் பேசவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் "ஆமென்" மட்டும்.

ஒரு அம்மா, நியூ ஜெர்சி

மாமா, மன்னிக்கவும். எங்கள் வீட்டில் விளக்கேற்றாத நாள் கிடையாது. வந்தது.

என் மகனுக்கு ஞானப்பல் பிடுங்கியபோது கொடுத்த மாத்திரையில் ஆரம்பித்தது, பிறகு ரூம்மேட். விவரம் வேண்டாம். ஒரு தைப்பூசத்துக்கு முந்தின நாள் அவன் அறையைச் சுத்தம் செய்தேன். அவன் சின்ன வயசில் பழனியில் வாங்கிய திருநீற்றுச் சம்படம் மேஜை மேல் இருந்தது. பரவாயில்லை, பிள்ளை இன்னும் பூசுகிறானே என்று சந்தோஷமாகத் திறந்தேன். திருநீற்றுக்குள் நீல மாத்திரைகள். ஒரு பக்கம் எம், மறுபக்கம் 30, ஆக்ஸிகோடோனின் முத்திரை. நான் கை வைக்காத இடம் அது ஒன்றுதான் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் வேலிக்குள்தான் ஒளித்து வைத்தான், மாமா.

கோயிலில் இரண்டு வருஷம் "டெக்ஸாஸில் ப்ராஜெக்ட்" என்று சொன்னோம். அர்ச்சனைச் சீட்டில் அவன் நட்சத்திரம் மட்டும் தவறாமல் எழுதினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நல்ல இன்சூரன்ஸ், நல்ல பேட்டை. ஒரே வாரத்தில் டாக்டர் சபாக்ஸோன், இந்தப் பழக்கத்துக்கான சிகிச்சை மருந்து, எழுதிவிட்டார். மாதம் ஒருமுறை போனால் போதும், மாத்திரை வீட்டிலேயே. தாய்மார்கள் கூட்டத்தில் நியூவர்க்கிலிருந்து ஒரு கறுப்பினப் பெண்மணி வருவார். அவர் பையனுக்கும் என் பையன் வயசு, அதே நீல மாத்திரை. அவனுக்குக் கிடைத்தது அதே சிகிச்சைக்கான இன்னொரு மருந்து, மெத்தடோன். விடிகாலை ஐந்து மணிக்கு ஜன்னல் முன்னால் வரிசையில் நின்று, அவர்கள் கண் முன்னாலேயே குடிக்க வேண்டும். அதனால் இரண்டு வேலை போயிற்று. ஆனால் அவர் மகன் மறுபடி வழுக்கி விழுந்த வாரத்தில் அவர் சபையிலிருந்து ஏழு நாளும் சாப்பாடு வந்ததாம், யார் யார் என்ன சமைத்தார்கள் என்றுகூடச் சொன்னார். எங்கள் வீட்டுக்கு யார் வருவார்கள்? நான்தான் டெக்ஸாஸ் என்று சொல்லிவிட்டேனே.

சர்வே கணக்கன், பிலடெல்பியா

மாமாவின் வேலிக்கும் ஆதாரம் இருக்கிறது, முழுக்கப் பொய் இல்லை. வருஷா வருஷம் எடுக்கிற தேசியப் போதைப் பயன்பாட்டு சர்வேயில், கடந்த 12 மாதத்தில் எத்தனை தடவை வழிபாட்டுக்குப் போனாய், மத நம்பிக்கை உன் முடிவுகளை வழிநடத்துகிறதா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். அடிக்கடி போகிறவர்களிடம் தவறான பயன்பாடு குறைவாகத்தான் தெரிகிறது. ஆனால் மாத்திரை பிடித்தவன் முதலில் விடுவது ஞாயிறு காலையைத்தான். எது முன்னால், எது பின்னால் என்று ஒரு தடவை எடுத்த சர்வே சொல்லாது. இன்னொரு விசித்திரம்: பதின்வயதினர் போதைப் பழக்கம் பற்றிய சில பழைய ஆய்வுகளில், கறுப்பினப் பிள்ளைகள் சர்ச்சுக்கு அதிகம் போகிறார்கள், போதை குறைவு. ஆனாலும் அந்த சர்ச் பழக்கம் தடுப்பாக வேலை செய்தது வெள்ளையப் பிள்ளைகளிடம்தான் கூடுதலாக. எனவே "பக்தி ஜாஸ்தி, அதனால் ஒட்டவில்லை" என்ற வாக்கியம் கணக்கிலும் நிற்காது.

அனுபவம் கேட்டீர்கள், என்னிடம் ஒன்றுதான். ஏர்போர்ட்டுக்கு வண்டி பிடித்தேன். ஓட்டியவர் வெள்ளைக்காரர், எங்கள் ஊரில் போதைக்குப் பேர்போன கென்சிங்டன் பகுதிக்காரர். கண்ணாடியில் வெள்ளை நிறச் சாவி டேக் ஒன்று தொங்கியது. போதையை விட நினைக்கிறவர்கள் கூடுகிற நார்காட்டிக்ஸ் அனானிமஸில் புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுப்பார்கள், பிறகு நாள் கூடக்கூட நிறம் மாறும். "புதுசா?" என்றேன். நான்கு வருஷமாம். சபாக்ஸோன் எடுக்கிறவர் சுத்தமானவர் கணக்கில் வரமாட்டார் என்று அவர் போகிற குழுவில் சொல்லிவிட்டார்கள். சர்ச் அடித்தளத்தில் வாராவாரம் கூட்டம், இவர் பேசக்கூடாது, நாற்காலி போடலாம். "நான்தான் எல்லா நாற்காலியும் போடுவேன்" என்றார், பெருமையாகவே.

நைட் டியூட்டி, பால்டிமோர்

நியூ ஜெர்சி அம்மா, உங்கள் ஊர்தான் எனக்குத் தூரம், இல்லையென்றால் ஒரு சட்டி சாம்பாரோடு வந்து நிற்பேன். பையன் இப்போது எப்படி?

கவுண்டர்க்காரன், அந்தப் பாட்டி கேட்டதற்கு என்ன பதில் சொன்னீர்கள்? அதை எழுதவே இல்லையே.

ஒரு அம்மா, நியூ ஜெர்சி

எழுதுகிறான், படிக்கிறான். இன்னும் சபாக்ஸோனில்தான். சம்படம் என்னிடம் இருக்கிறது.

கவுண்டர்க்காரன், ஒஹாயோ

"கம்ப்யூட்டர் கேட்கிறது, அம்மா" என்றேன். கம்ப்யூட்டர் ஒன்றும் கேட்கவில்லை.