இன்காபிளாக் கம்பனியின் பழைய கைக்கடிகாரம்: நாளை காலைக்குள் பதில் தேவை

கொட்டகலைப் பேரன்:
வணக்கம். எங்கள் தாத்தாவின் கைக்கடிகாரம் அலமாரியிலிருந்து கிடைத்திருக்கிறது. முகப்பில் இன்காபிளாக் என்று கம்பனியின் பெயர் இருக்கிறது. அதற்கு மேலே வேறு எழுத்து எதுவும் தெரியவில்லை. ஹட்டனில் ஒரு கடையில் காட்டினேன். முகப்புக்குப் புதிதாக வர்ணம் பூசி, பின்மூடியையும் பொலிஷ் செய்து புதியது போல ஆக்கித் தருவதாகவும், நாளை காலை கொண்டுவந்து தருமாறும் சொன்னார்கள். இது எந்த ஆண்டுக் கடிகாரம், பெறுமதி உள்ளதா, வேலைக்குக் கொடுக்கலாமா என்பதைத் தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

பதுளைத் தம்பி:
படம் இல்லையே, அண்ணா. ஓடுகிறதா, நின்றுவிட்டதா? சாவி கொடுக்கும் வகையா, கையசைவில் தானாக ஏறும் வகையா? செக்கன் முள் நடுவில் இருக்கிறதா, 6 மணிப் பக்கம் தனி வட்டத்தில் இருக்கிறதா? பின்மூடியில் என்ன எழுதியிருக்கிறது? சாவித் திருகைச் சேர்க்காமல் குறுக்களவு எத்தனை மில்லிமீற்றர்? இவை தெரியாமல் ஒருவராலும் எதையும் சொல்ல முடியாது.

மஸ்கெலியா அக்கா:
முட்களிலும் எண்களிலும் பழுப்பேறிய, சற்றுத் தடித்த பூச்சு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், தம்பி. 1960களின் தொடக்கம் வரை, இருட்டில் ஒளிரும் பூச்சில் ரேடியம் கலந்தார்கள். இப்போது ஒளிரவில்லை என்பதை வைத்து ஆபத்து இல்லையென்று எண்ணிவிடாதீர்கள். ஒளிர்ந்தது துத்தநாக சல்பைட்டு, அது கெட்டுப்போனாலும் ஏறத்தாழ 1,600 ஆண்டு அரைவாழ்வுக் காலம் கொண்ட ரேடியம் அங்கேயேதான் இருக்கும். மூடியபடி அலமாரியில் இருக்கும் கடிகாரத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அந்தப் பூச்சைச் சுரண்டும்போது எழும் தூளை மூச்சில் இழுப்பதுதான் கெடுதல். முகப்புக்கு வர்ணம் பூசுபவர் முதலில் செய்வதே பழைய பூச்சைச் சுரண்டுவதுதான்.

நாழிகை:
இந்தக் கேள்விக்கு நான் பல தடவை விடை எழுதியிருக்கிறேன்; கேட்பதற்கு முன் வாசிக்கும் பழக்கம் இருந்தால் நேரம் மிச்சமாகும். இன்காபிளாக் கடிகாரக் கம்பனியின் பெயர் அன்று. கடிகாரத்தின் வேகத்தை ஒழுங்குபடுத்த முன்னும் பின்னுமாக ஆடும் பாலன்ஸ் சக்கரத்தின் அச்சு முனை ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிப்பே உள்ளது, கடிகாரம் கீழே விழுந்தால் முதலில் முறிவது அதுதான். அந்த முனை தேயாமல் சுழல்வதற்காக அது அமரும் சிறு மாணிக்கக் கல்லை, யாழ் வடிவச் சிறு வில்லொன்றின் கீழே அசைந்துகொடுக்குமாறு பொருத்தி, அதிர்ச்சியைத் தாங்கச் செய்யும் அமைப்பே இன்காபிளாக். அது 1930களில் வந்தது. பின்னர் எத்தனையோ சுவிஸ் நிறுவனங்கள் அதை வாங்கிப் பொருத்தி, முகப்பிலும் பெருமையாக அச்சிட்டன. ஆகவே இந்தச் சொல்லால் உங்களுக்குத் தெரியவருவது ஒன்றுதான்: கடிகாரம் 1930களுக்கு முந்தியதன்று.

பேராதனைக் காற்று:
நாழிகை ஐயா யுத்தத்தை மறந்துவிட்டார். தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளின் தலைமையகம் 1944 ஏப்ரலில் கண்டிக்கு வந்து, பேராதனைப் பூங்காவிலிருந்து இயங்கியது அனைவரும் அறிந்ததே. அந்தப் படையினர் விட்டுப்போன கடிகாரங்கள் மலையகத் தோட்டங்களில் பரவியிருக்கக்கூடும் என்பது என் நெடுநாள் எண்ணம். பின்மூடியில் பிரித்தானியப் படையின் உடைமை என்பதைக் காட்டும் அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள், தம்பி. இருந்தால் விலையே வேறு.

கொட்டகலைப் பேரன்:
சாவி கொடுக்கும் வகை. சாவி முழுதாக ஏறி நின்றுவிட்டது, ஓடவில்லை. முகப்பு வெள்ளை, பழுப்பேறியிருக்கிறது. எண்களில் தடித்த பூச்சு இல்லை, எல்லாம் உலோகக் கோடுகள். செக்கன் முள் 6 மணிப் பக்கம் தனி வட்டத்தில் இருக்கிறது. குறுக்களவு 35 மி.மீ. அளவில் வருகிறது. அம்புக்குறி இல்லை. தாத்தா தேயிலைத் தொழிற்சாலையில் தலைமை டீமேக்கராக இருந்தவர். பின்மூடியில் அவருடைய பெயரும், தோட்டத்தின் பெயரும், சிலோன் 1958 என்பதும் ஆங்கிலத்தில் செதுக்கப்பட்டிருக்கின்றன.

ஹப்புத்தளை வாசகர்:
இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்! பெயரும் ஆண்டும் செதுக்கிய அந்த மூடியையா பொலிஷ் செய்யக் கொடுக்கப் போகிறீர்கள்? செதுக்கலின் ஆழம் மில்லிமீற்றரில் ஒரு சிறு பங்குதான். பொலிஷ் சக்கரத்தில் இரண்டு முறை பிடித்தால் எழுத்துகளின் ஓரம் மழுங்கும், இன்னும் கொஞ்சம் பிடித்தால் பெயரே போய்விடும். துரைமாருக்கும் கம்பனிகளுக்கும் கணக்குப் புத்தகங்கள் இருந்தன, புகைப்படங்கள் இருந்தன; தொழிற்சாலையில் கொழுந்து வாடும் மணமறிந்து இரவு பகலாக நின்ற நம் ஆட்களின் பெயர் உலோகத்தில் பதிந்து கிடைப்பது அரிது. கடிகாரத்தின் விலை எதுவாகவும் இருக்கட்டும், அந்த மூடியில் எவரும் கை வைக்கக் கூடாது.

பதுளைத் தம்பி:
முழுதாகச் சாவி ஏறி நின்றிருக்கிறது என்றால், அளவுக்கு மீறி முறுக்கி உள்வில்லை இறுக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். வில்லை மாற்ற வேண்டும்.

நாழிகை:
அப்படி ஒரு பழுது கிடையாது; தெரியாததை எழுதிப் புதியவரைக் குழப்ப வேண்டாம். சாவி கொடுக்கும் கடிகாரம் முழுதாக ஏறியும் ஓடாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம், பழைய எண்ணெய் உலர்ந்து பசையாகிச் சக்கரங்களைப் பிடித்துக்கொண்டதுதான். நம் மலைக்காற்றின் ஈரத்தில் துருவும் சேர்ந்திருக்கலாம். யுத்தக் கதையையும் இத்துடன் முடித்துக்கொள்வோம். பிரித்தானியப் படைக்காக 12 நிறுவனங்கள் செய்து 1945இல் கொடுத்த கடிகாரங்களின் முகப்பு கறுப்பு. எண்களில் ஒளிரும் பூச்சு உண்டு. இவரிடம் இருப்பதோ உலோகக் கோடுகள் பதித்த வெள்ளை முகப்பு.

பேராதனைக் காற்று:
அவற்றுக்கு முன்னர் படைக்கு வாங்கப்பட்ட கடிகாரங்களில் வெள்ளி நிற முகப்பும் உண்டு என்பதை ஐயா சொல்லாமல் விட்டது ஏன்?

நாழிகை:
அவற்றிலும் பின்மூடியில் அம்புக்குறியும் படைத்துறை எழுத்துகளும் இருக்கும். இங்கே இருப்பது ஒரு டீமேக்கரின் பெயர். செதுக்கிய ஆண்டையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்: 1958 என்பது கடிகாரம் கொடுக்கப்பட்ட ஆண்டு, செய்யப்பட்ட ஆண்டு அதுவாக இருக்கலாம், கடையில் சில காலம் கிடந்து விற்பனையானதாகவும் இருக்கலாம், ஆனால் அதற்குப் பிந்தியதாக இருக்க முடியாது.

நாவலப்பிட்டித் திருத்துநர்:
கடிகாரம் திருத்துவதே என் தொழில் என்பதால் சொல்கிறேன். பழைய கடிகாரத்தின் அடையாளம் முகப்பில் இல்லை, உள்ளேதான் இருக்கிறது; முகப்பை எவரும் மாற்றலாம், மீண்டும் எழுதலாம். மும்பைப் பக்கத்திலிருந்து வரும் ஃபேவர் லூபா, எச்.எம்.டி. கடிகாரங்களில் எத்தனையோ, பல உடல்களின் உறுப்புகளைச் சேர்த்துப் பளபளப்பான புது முகப்பு போட்டவை. பின்மூடியைத் திறந்து, பாலன்ஸ் சக்கரத்துக்குக் கீழே அடித்தகட்டின் விளிம்பைப் பெருக்குக் கண்ணாடியில் பாருங்கள். சக்கரம் மறைக்கும் அந்த இடத்தில்தான் இயந்திரம் செய்தவரின் சின்னமும் இலக்கமும் மிகச் சிறிதாகக் குத்தப்பட்டிருக்கும். ஒமேகா, லொங்கின்ஸ் போன்றவர்களின் இயந்திரத்தில் தொடரிலக்கமும் உண்டு. அதை வைத்து ஆண்டைக் கணிக்கலாம். ஒமேகாவில் 1 கோடி 40 இலட்சத்தை ஒட்டிய இலக்கம் என்றால் ஏறத்தாழ 1954. மற்றச் சிறு நிறுவனங்கள் இயந்திரத்தை வெளியே வாங்கிப் பொருத்தியவை. அவற்றின் பின்மூடி இலக்கத்தை வைத்து ஆண்டு சொல்ல முடியாது.

மூடியைச் சமையலறைக் கத்தியால் நெம்பாதீர்கள். விளிம்பில் சிறு பள்ளம் தெரிந்தால் அது அழுத்தி மூடும் வகை, அதற்கென உள்ள தட்டையான கத்தி வேண்டும். சுற்றிவரக் காடிகள் இருந்தால் திருகும் வகை. கடையிலேயே உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். முகப்பின் மேற்பகுதியில் பெயர் போய், கீழே இன்காபிளாக் மட்டும் நிற்கிறது என்றால், முன்பு யாரோ ஈரத் துணியாலோ விரலாலோ துடைத்திருக்கலாம். அச்சு மை அரக்குப் பூச்சின் மேலே நிற்பதால் ஈரம் பட்டவுடன் வந்துவிடும். டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், மை போன இடத்திலும் எழுத்தின் தடம் சில வேளை தெரியும்.

மஸ்கெலியா அக்கா:
தடித்த பூச்சு இல்லை என்றால் ரேடியம் பற்றிய என் கவலை பெரும்பாலும் தீர்ந்தது. முட்களின் நடுவில் மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஆனால் முகப்புக்கு வர்ணம் பூசுவதில் என்ன தவறு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பேரன் கையில் கட்டிக்கொண்டு நாலு பேர் முன் போவதற்கு அழகாக இருக்க வேண்டாமா?

ஹப்புத்தளை வாசகர்:
வேண்டாம் அக்கா. தாத்தா ஒவ்வொரு நாளும் பார்த்த முகப்பு அது. அதைச் சுரண்டிவிட்டு, தெரியாத கம்பனியின் பெயரை ஊகித்து எழுதினால், பேரன் கையில் இருப்பது வேறு யாருடையதோ ஒரு கடிகாரம்.

நாவலப்பிட்டித் திருத்துநர்:
இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் முகப்பைப் புதிதாக்கத்தான் கேட்கிறார்கள். அவர்களுடைய பொருள், அவர்களுடைய விருப்பம். ஆனால் சேகரிப்பவர்கள் புது வர்ண முகப்பைக் கண்டால் விலையைப் பாதியாகவே பேசுவார்கள். பழுப்பேறிய முகப்பைப் பிறகு எப்போதும் புதிதாக்கலாம். புதிதாக்கியதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எந்தத் தொழிலாளியாலும் முடியாது.

கொட்டகலைப் பேரன்:
கடையில் திறந்து காட்டினார்கள். பாலன்ஸ் சக்கரத்துக்குக் கீழே ஏ.எஸ். என்ற எழுத்தும் 1130 என்ற எண்ணும் இருக்கின்றன. 17 கல் என்றும் இருக்கிறது. டோர்ச் பிடித்துப் பார்த்ததில், போன பெயரின் முதல் எழுத்து ஆங்கில ஆர் போலத் தெரிந்தது. முகப்பையும் மூடியையும் தொட வேண்டாம், கழுவி எண்ணெய் மட்டும் இடுங்கள் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

பதுளைத் தம்பி:
ஆர் என்றால் ரோமர்தான்! எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது.

நாழிகை:
ரோமர் அந்தக் காலத்தில் தன் இயந்திரத்தைத் தானே செய்த நிறுவனம். ஏ.எஸ். என்பது கிரென்ஷன் ஊரின் ஏ. ஷில்ட் நிறுவனம், அதன் இயந்திரத்தை வாங்கியவை எண்ணற்ற சிறு பெயர்கள். ஆகவே ரோமர் என்று துணிய இடமில்லை.

பேராதனைக் காற்று:
1130ஆம் இலக்க இயந்திரம் யுத்த காலத்தில் ஜெர்மன் தரைப்படைக் கடிகாரங்களில் இருந்ததாகச் சேகரிப்பாளர்கள் எல்லோரும் சொல்வார்கள். நான் யுத்தத்தைச் சொன்னது வீண்போகவில்லை.

நாழிகை:
இயந்திரம் அங்கும் இருந்தது, யுத்தம் முடிந்து பல ஆண்டுகள் சாதாரணக் கடிகாரங்களிலும் இருந்தது. 17 கல், இன்காபிளாக், உலோகக் கோட்டு முகப்பு, 1958 செதுக்கல் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தால், இது 1950களில் கடைக்கு வந்த நல்ல நடுத்தரச் சுவிஸ் கடிகாரம் என்று சொல்வேன்.

நாவலப்பிட்டித் திருத்துநர்:
நல்ல இயந்திரம், தம்பி. கடிகார இயந்திரத்தை அளக்கும் பழைய அலகில் 13 லீன், அதாவது 29 மி.மீ. அளவு, பெரிய பாலன்ஸ், சக்கரங்களை மேலிருந்து தாங்கும் தகடுகளான பாலங்களும் தடித்தவை, திருத்துவதற்கு இலகு. உதிரிப்பாகமும் பழைய இயந்திரங்களிலிருந்து கிடைக்கும். கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று கடையில் சொன்னால், வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது அக்ரிலிக், கீறல் மட்டும் என்றால் பற்பசை தொட்ட துணியால் பொறுமையாகத் தேய்த்தாலே போய்விடும், ஆனால் முகப்பிலிருந்து கழற்றி வைத்துத் தேய்க்க வேண்டும். வேலை முடிந்து வாங்கும்போது பின்மூடியைத் திருப்பிப் பார்த்து, பெயர் முழுதாக இருப்பதை உறுதி செய்த பின்னரே பணத்தைக் கொடுங்கள்.